இடது பக்கம் ஒரு இன்ச்

ஜனவரி 6, திங்கள்

அளவு நோட்டோட பின்பக்கத்துலேர்ந்து எழுத ஆரம்பிக்கிறேன். முன்பக்கம் பூரா பாலக்கரைப் பொம்பளைங்களோட மார்புச் சுற்று, இடுப்பு, கை நீளம். எங்க வீட்டுக்காரர் சவரிமுத்து இந்த நோட்டைத் தொடவே மாட்டாரு. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ரயில் பெட்டிக்கு அடியில மல்லாந்து படுத்து வேலை பாக்குற மனுசன், எதுக்கும் அசராதவரு. ஆனா இந்த நோட்டு மேசையில திறந்து கிடந்தா மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. "அது பொம்பளைங்க சமாச்சாரம், எனக்கெதுக்கு" ம்பாரு. அதனால எனக்குத் தெரிஞ்சு இதை விட பத்திரமான இடம் இந்த ஊர்ல இல்ல.

எழுதறதுக்குக் காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. பேசறதுக்கு ஒருத்தி இருந்தா, போயிட்டா. அவ்வளவுதான்.

தை மாசக் கல்யாணம் பதினொண்ணு கையில இருக்கு. காஜா எடுக்க ஆள் வரல. மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, சாப்பிட்டுட்டு, இதை எழுதலாம்.

மூணாவது கொக்கியில லூர்து ஜாக்கெட் இன்னும் தொங்குது. மயில் கழுத்து நிறம். போன ஏப்ரல்ல பிரிச்சுத் தைக்கக் கொண்டு வந்து குடுத்தா. வேலை முடிச்சு வச்சேன், வாங்க வரல. செப்டம்பர்ல செத்துப் போயிட்டா.

ஜனவரி 9, வியாழன்

லூர்து ஜாக்கெட்டை எடுத்து மடிச்சு, பழைய துணி மூட்டைக்கு அடியில நேத்து வச்சேன். சாயங்காலம் சாத்தும்போது வச்சேன், நல்லா ஞாபகம் இருக்கு. இன்னிக்குக் காலையில வந்து ஷட்டரைத் தூக்கினா மூணாவது கொக்கியில தொங்குது.

ஜனவரி 10, வெள்ளி

மூணு ஜாக்கெட்டுக்குக் கை தப்பா வெட்டிட்டேன். இருபது வருஷத்துல இப்படி நடந்ததில்ல.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

கடை லீவு. பொங்கல் வச்சு, பூசைக்குப் போயிட்டு வந்தோம். புது ஜாக்கெட் போட்டுக்கிட்டேன். இடது பக்கம் பிடிக்குது. கொக்கி மாட்டும்போதே தெரிஞ்சுச்சு, ரெண்டாவது கொக்கிகிட்ட துணி கோணலா இழுக்குது. கையத் தூக்கினா கக்கத்துல உறுத்துது.

சரி, எழுதிடறேன். இந்த நோட்டுகிட்ட என்ன வெக்கம்.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி லூர்துவும் நானும் சென்னையில ஒரு கல்யாண ஜாக்கெட் கடையில வேலை பாத்தோம். வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் ஜாக்கெட்டுக்குள்ள கப் வச்சுத் தைக்கிறதுதான் எங்க பிழைப்பு. எனக்கு வயசு இருபத்தொன்பது. என்னைப் பாக்க வந்த ரெண்டாவது மாப்பிள்ளையோட அம்மா, காபி குடிச்சுக்கிட்டே எங்க சித்தி காதுல சொல்லிச்சு: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, முன்னாடி எது பின்னாடி எதுன்னுதான் தெரியல." காதுல சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. அன்னிக்கு ராவெல்லாம் அழுதேன். லூர்துதான் சொன்னா, "ஊருக்கெல்லாம் வெளிய கப் வச்சுத் தைக்கிறோம், நமக்கு உள்ளயே வச்சுத் தச்சுக்கிட்டா என்னடி?" முதல்ல சிரிச்சோம். அப்புறம் ஒரு நாள் சிரிக்காம விசாரிச்சோம். ஒரே டாக்டர், ஒரே வாரம். உள்ள சிலிகான் இம்ப்ளான்ட் வச்சுத் தச்சு அனுப்பினாங்க.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம். இவர்கிட்ட சொல்லல. தழும்பு கீழ்மடிப்புல ஒளிஞ்சுக்கிச்சு, நானும் அதோட சேர்ந்து ஒளிஞ்சுக்கிட்டேன். உலகத்துல இது தெரிஞ்ச ஒரே ஆள் லூர்து.

ஜாக்கெட்டை இடது பக்கம் அரை இன்ச் பிரிச்சு விட்டேன். இப்ப சரியா இருக்கு.

ஜனவரி 20, திங்கள்

டிரையல் ரூம் கண்ணாடியில எனக்குப் பின்னாடி யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு. திரும்பினா திரைச்சீலை. அவ போடுற ரோஜாப் பவுடர் வாசம் வேற. கஸ்டமர் யாராவது போட்டுக்கிட்டு வந்திருப்பாங்க. ஆனா காலையிலேர்ந்து ஒரு கஸ்டமரும் வரல.

லூர்து, வாங்க வராதது நீ. என்னைய எதுக்குடி முறைக்கிற?

ஜனவரி 28, செவ்வாய்

லூர்துவோட அக்கா பிலோமினா லால்குடியிலேர்ந்து வந்துச்சு. லூர்து மணிபர்ஸ்ல என் கடை ரசீது இருந்துச்சாம். "அவ துணி எதாவது இருந்தா குடு அமலி, வச்சுக்கிறேன்" ன்னுச்சு. ஸ்டூல்ல உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுது. முதல் கேள்வியே, "அடக்கத்துக்குக் கூட நீ வரலையே?"

எனக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன்.

அப்புறம் அதுவா சொல்ல ஆரம்பிச்சுது. நான் எல்லார்கிட்டயும் லூர்து காய்ச்சல்ல போனான்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். காய்ச்சல் இல்ல. மார்புல புற்றுநோய். இடது பக்கம் கட்டி வந்து ஒரு வருஷமா ஒருத்தர்கிட்டயும் காட்டலயாம். கடைசியில ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போதுதான் பிலோ அக்காகிட்ட விஷயத்தை உடைச்சிருக்கா. உள்ள வச்சது வெடிச்சு ஒழுகுதுன்னுதான் அவ நெனச்சிருந்திருக்கா. அங்கன்வாடியில இலவசமா மார்புப் பரிசோதனை கேம்ப் போட்டப்பக் கூட போகல. மெஷின்ல வச்சு அமுக்கினா டப்புனு உடைஞ்சுடும், ஊரே பாத்துடும்னு பயம். டாக்டர்கிட்ட போனா முதல்ல இதைச் சொல்லணும். இதைச் சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டே அதை வளர விட்டுட்டா.

"சிலிகான் ஒழுகினா உயிர் போகாதாம் அமலி. டாக்டரே சொன்னாரு. நேரத்துக்கு வந்திருந்தா இதையும் பாத்திருப்போம், அதையும் பாத்திருப்போம்னாரு. பாவி மக, யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? உனக்காவது தெரியுமா?"

"எனக்கு என்னக்கா தெரியும்" னேன்.

ஏசுவைத் தெரியாதுன்னு ராயப்பர் சொன்னதும் சேவல் கூவுச்சாம். நல்லவேளை பாலக்கரையில யாரும் சேவல் வளர்க்கல.

ஜாக்கெட் இன்னும் தைக்கல, அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பிட்டேன். அது தலைக்கு நேரா மூணாவது கொக்கியில ஜாக்கெட் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

பிப்ரவரி 3, திங்கள்

ஷட்டரை முழுசா இறக்கிட்டு டேப் எடுத்து என்னைய நானே அளந்தேன்.

இதை இங்க ஒரு தையல்காரியா எழுதி வைக்கணும். எனக்கு ஒரு அளவு ஜாக்கெட் இருக்கு, கல்யாணத்தப்ப தச்சது. பதிமூணு வருஷமா என் எல்லா ஜாக்கெட்டையும் அதை வச்சுத்தான் வெட்டறேன். ஊர்ல வர்றவங்களையெல்லாம் "அளவு ஜாக்கெட்டை நம்பாதீங்க, உடம்பு மாறிக்கிட்டே இருக்கும், நில்லுங்க, டேப் வச்சுப் பாக்கறேன்" னு திட்டுவேன். எனக்கு மட்டும் டேப் வச்சதே இல்ல. பிடிச்சா பிரிச்சு விடறது, தொளதொளன்னா பிடிக்கிறது. போன ரெண்டு வருஷத்துல இடது பக்கம் மட்டும் எத்தனை தடவை பிரிச்சு விட்டேன்னு உள் தையலைத் திருப்பிப் பாத்தேன். நாலு ஜாக்கெட், நாலுலயும் ஊசி ஓட்டை வரிசையா இருக்கு.

இடது பக்கம் வலதை விட ஒண்ணேகால் இன்ச் கூட. மேல்பக்கம் கெட்டியா இருக்கு, கீழ சொத்துன்னு இருக்கு. கக்கத்துல சுண்டைக்காய் அளவுக்கு ஒண்ணு உருளுது. வலியே இல்ல. வலிச்சாத்தான் பயப்படணும்னு யாரோ சொன்ன ஞாபகம்.

யாரும் சொல்லல. நானா சொல்லிக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

வெளிய ரெண்டு டெலிவரி. மீன் வாங்கினேன். "என்ன புள்ள, மூஞ்சி வாடிக் கிடக்கு?" ன்னாரு இவரு. கண்ணு எரியுதுன்னேன். நாளைக்கே கடையில புது டியூப்லைட் மாட்டிடறேன்னாரு. இந்த மனுசன்கிட்ட பொய் சொல்றது எவ்வளவு சுலபம் பாருங்க.

பிப்ரவரி 6, வியாழன்

டியூப்லைட் மாட்டிட்டாரு. லூர்து ஜாக்கெட் இன்னும் பளிச்சுனு தெரியுது.

பிப்ரவரி 11, செவ்வாய்

லூர்து மாதா திருநாள். லூர்துவோட பேர் கொண்ட நாள். வருஷா வருஷம் ரெண்டு பேரும் கோயில்ல குகை மாதிரி கட்டியிருக்குற மாதா கெபிக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு, வெளிய வந்து சுண்டல் சாப்பிடுவோம். போன வருஷமும் கூப்பிட்டா. நான் போகல. இன்னிக்குத் தனியாப் போனேன். மெழுகுவத்தி மூணு தடவை அணைஞ்சுச்சு. காத்துதான். ஆனா பக்கத்துல இருந்ததெல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

திரும்பி வந்து அந்த ஜாக்கெட்டைக் கொக்கியிலேர்ந்து எடுத்தேன். அதோட உள்பக்கம் ஊக்குல குத்தின சீட்டு இன்னும் இருக்கு. போன ஏப்ரல்ல நடந்ததை இப்ப எழுதறேன். இதுவரைக்கும் எனக்குள்ள வேற மாதிரி சொல்லி வச்சிருந்தேன். அவ சீட்டுல "இடது பக்கம் ஒரு இன்ச் விடு, ஒண்ணும் கேக்காதே" ன்னு எழுதியிருந்தா, அதனாலதான் நான் கேக்கலன்னு. பத்து மாசமா அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி, நானே நம்பிட்டேன்.

அன்னிக்குக் கடையில இவரு இருந்தாரு, மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு. லூர்து வந்து ஜாக்கெட்டை மேசையில வச்சு, இவரு காதுல விழற மாதிரி, "துவைச்சதுல சுருங்கிடுச்சு அமலி, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுக் குடு" ன்னா. ஒரு பக்கம் மட்டும் சுருங்குற துணி உலகத்துல கிடையாது. எனக்குத் தெரியாதா? அவளைப் பாத்தேன். அவளும் என்னையப் பாத்தா. அப்புறம் மேசையில கிடந்த பென்சிலை எடுத்து சீட்டுல எழுதி, மடிச்சு, ஜாக்கெட்டுல குத்தினா.

சீட்டுல இருக்கறது இதுதான்: "இடது பக்கம் ஒரு இன்ச் விடு. உன்கிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்டி. பத்து நிமிஷம் ஒதுக்கு."

படிச்சேன். படிச்சுட்டு, "சீசன்டி லூர்து, செத்துக்கிட்டிருக்கேன், அப்புறம் வா" ன்னேன். சீசன் இல்ல. அது தவக்காலம் முடிஞ்ச வாரம், மேசையில நாலே நாலு ஜாக்கெட். அவ வாயத் திறந்தா என் வண்டவாளம் இவருக்குத் தெரிஞ்சுடும்னு பயந்தேன். அப்புறம் ரெண்டு தடவை போன் பண்ணா. எடுக்கல.

ஒரு இன்ச் மட்டும் சுத்தமாப் பிரிச்சு விட்டேன். தையல் அவ்வளவு நேர்த்தியா இருக்கு, பாத்தா எரியுது.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டர் மெஹருன்னிசாகிட்ட போனேன். பாலக்கரையில யாராவது பாத்துடுவாங்கன்னு தில்லை நகர் வரைக்கும் ரெண்டு பஸ் மாறிப் போனா, அங்க டோக்கன் குடுக்குற நர்ஸ் பொண்ணு என் கஸ்டமர். முப்பத்தி நாலு, கழுத்து ஆழம் ஆறரை. "அக்கா, நீங்களா!" ன்னு எழுந்து நிக்குது. போன மாசம் நான் தப்பா வெட்டின மூணு கையில ஒண்ணு இதோடது.

உள்ள போய் வாயத் திறக்க வரல. டாக்டரும் அவசரப்படுத்தல. அம்பது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, "உள்ள வச்சிருக்கேன் டாக்டர்" னேன்.

"எந்த வருஷம்?"

அவ்வளவுதான் கேட்டாங்க. மூஞ்சி மாறல. மாறும்னு பதினாலு வருஷமா எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் எத்தனை தடவை ஸ்கேன் எடுத்தீங்கன்னு கேட்டாங்க. ஒரு தடவையும் இல்லன்னேன். சென்னை டாக்டர் அப்பவே சொன்னாரு, "இது ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்னு நெனைக்காதீங்கம்மா, அஞ்சாறு வருஷத்துல ஒரு தடவை, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்கேன் பண்ணிக்கணும்" னு. காதுல விழுந்துச்சு. வீட்டுக்காரருக்குத் தெரியாம சென்னைக்கு எப்படிப் போறது? அந்த கிளினிக்கும் இப்ப இல்ல.

"உடைஞ்சா வலிக்குமா டாக்டர்?"

"பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. அதான் இதுல வம்பு. சத்தம் போடாம உடையும். உருவம் மாறும், கெட்டியாகும், கக்கத்துல கட்டி தெரியும். அதுவும் எல்லாருக்கும் இல்ல. பயப்படாதீங்க, இது இன்னிக்கே கத்தி எடுக்கிற அவசரம் இல்ல. ஆனா எல்லாக் கட்டியும் சிலிகான்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. பாத்துட்டுத்தான் சொல்லணும்."

மார்பு எக்ஸ்ரே மெஷின்ல அமுக்கினா உடைஞ்சுடுமான்னு கேட்டேன். லூர்துவுக்காகக் கேட்டேன். "முன்கூட்டியே சொல்லிட்டா வேற மாதிரி பிடிச்சு எடுப்பாங்க. உடையறது ரொம்ப அபூர்வம். சொல்லாம மறைச்சுட்டுப் போறதுதான் தப்பு" ன்னாங்க.

எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொண்ணு கேட்டேன். "எங்களுக்குக் குழந்தை இல்ல டாக்டர். இதனாலயா?" அவங்க பேனாவைக் கீழ வச்சாங்க. "இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யாரு சொன்னா?" ன்னாங்க.

யாரும் சொல்லல. பதிமூணு வருஷமா ஒவ்வொரு மாசமும் நானே சொல்லிக்கிட்டது. பஸ்ஸுல உக்காந்து வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கேக்கவே இல்ல, பாவம்.

பிப்ரவரி 15, சனி

டாக்டர் அட்டை கேட்டிருக்காங்க. ஆபரேஷன் பண்ணப்ப குடுத்த அட்டை, எந்தக் கம்பெனி, என்ன சைஸ், என்ன நம்பர்னு அதுல இருக்கும். எங்க வச்சேன்னு எனக்கு நல்லாத் தெரியும். என் அளவு ஜாக்கெட்டோட முதுகுல, லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவுல வச்சுத் தச்சிருக்கேன். பிரிச்சேன். அட்டை மஞ்சளடிச்சு, வேர்வைல ஓரம் உப்பியிருக்கு. நம்பர் அழியல.

பிப்ரவரி 20, வியாழன்

எம்.ஆர்.ஐ. எடுக்குற பையன் "இரும்பு எதுவும் இருக்கக் கூடாதும்மா" ன்னான். தாலிச் சரட்டுலேர்ந்து ஒவ்வொரு ஊக்கா கழட்டி வச்சேன். பதினாலு ஊக்கு. தட்டுல போட்டதும் அவனே எண்ணிப் பாத்து அசந்துட்டான். தையல்காரிடா நான்.

குப்புறப் படுக்க வச்சு உள்ள தள்ளினாங்க. டமடமன்னு சத்தம். கண்ண மூடினா லூர்து பக்கத்துல அதே மாதிரி குப்புறப் படுத்துக்கிட்டு என்னையப் பாக்குறா. கோவமா இல்ல. முதல் தடவையா கோவமா இல்ல.

பிப்ரவரி 24, திங்கள்

இடது பக்கம் உடைஞ்சிருக்கு. எப்ப உடைஞ்சதுன்னு சொல்ல முடியாதாம், ரெண்டு மூணு வருஷம் கூட ஆகியிருக்கலாம். வச்ச பொருளைச் சுத்தி உடம்பே ஒரு தோல் கட்டிக்குமாம். இது அதுக்குள்ள உடைஞ்சு பெரும்பாலும் அங்கயே நிக்குது, கொஞ்சம் மட்டும் வெளிய கசிஞ்சிருக்கு. எனக்குப் புரியறதுக்காக டாக்டர் படம் வரைய ஆரம்பிச்சாங்க. "புரியுது டாக்டர், மேல்துணி நல்லா இருக்கு, லைனிங் கிழிஞ்சுடுச்சு" ன்னேன். பேனாவை மூடி வச்சுட்டாங்க.

கக்கத்துக் கட்டி என்னன்னு தெரியல. ஊசி போட்டுத் துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. அஞ்சு நாள் ஆகும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நாலு நாள்.

பிப்ரவரி 26, புதன்

மூணு. கல்யாண ஜாக்கெட் ரெண்டு டெலிவரி. பொண்ணோட அம்மா கப் இன்னும் பெருசா வைக்கச் சொல்லுது. பொண்ணு தலையக் குனிஞ்சு நிக்குது. "உங்க பொண்ணு உடம்புக்கு இது போதும்மா, சும்மா இருங்க" ன்னு கத்திட்டேன். வேற கடை பாத்துக்கிறேன்னு கோச்சுக்கிட்டுப் போயிடுச்சு. போகட்டும்.

மார்ச் 1, சனி

கட்டியில புற்றுநோய் இல்ல. கசிஞ்ச சிலிகான் போய் நெறிகட்டியில தங்கியிருக்கு, அவ்வளவுதான். டாக்டர் சொல்லி முடிச்சதும் எனக்குச் சந்தோஷம் வரல. நான் தப்பிச்சுட்டேன், அவ மாட்டிக்கிட்டான்னுதான் முதல்ல தோணுச்சு. ஒரே கடை, ஒரே டாக்டர், ஒரே வாரம், ஒரே இடது பக்கம். அவ என்கிட்ட பத்து நிமிஷம் கேட்ட நாள்ல நான் உக்கார வச்சுப் பேசியிருந்தா, ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரே நாள்ல டாக்டர்கிட்ட போயிருப்போம்.

ஆபரேஷன் பண்ணி ரெண்டு பக்கமும் எடுத்துடலாம்னு சொல்லியிருக்காங்க. "புதுசு வைக்கணுமா?" ன்னு கேட்டாங்க. "வேணாம் டாக்டர், போட்டது போதும்" னேன். "அப்ப பன்னெண்டாம் தேதி. வீட்டுக்காரர் கூட வரணும்" னாங்க.

மார்ச் 3, திங்கள்

வாயால சொல்ல வரல. மதியம் லீவு போட்டு வரச் சொல்லி, கடைக்கு வந்ததும் ஷட்டரை இறக்கிட்டு இந்த நோட்டை நீட்டினேன். "பின்பக்கத்துலேர்ந்து படிங்க" ன்னேன்.

"இதையா?" ன்னு ரெண்டு அடி பின்னால போனாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, வெளிய போய் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வந்தாரு. ஒர்க்‌ஷாப் கிரீஸ் போக தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினாரு. ஸ்டூல்ல உக்காந்து, வரிக்கு அடியில விரல் வச்சுப் படிச்சாரு. நான் மிஷினை ஓட்டிக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பாத்தேன், ஊசியில நூலே கோக்கல.

படிச்சு முடிச்சுட்டு மூடி வச்சாரு. "நான் அவ்வளவு மோசமானவனா அமலி?" ன்னாரு. எழுந்து போயிட்டாரு.

மார்ச் 4, செவ்வாய்

பேசல. சாப்பாட்டைப் போட்டு வச்சேன், தட்டைத் தள்ளிட்டாரு. திட்டினாலும் பரவால்ல, வாங்கிக்கலாம். வீடு முழுக்க லூர்து மட்டும்தான் நடமாடுற மாதிரி இருக்கு.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயில்ல வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். எங்கிருந்தோ வந்து எனக்குப் பின்னால நின்னாரு. ரெண்டு பேரும் நெத்தியில சாம்பல் வாங்கிக்கிட்டு வெளிய வந்தோம். சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நின்னு, வேற யாரோ பேசற மாதிரி சொன்னாரு:

"ஒரு வருஷமாவே எனக்கும் கையில தட்டுச்சு, அந்தப் பக்கம் கெட்டியா. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. பொம்பளைங்க சமாச்சாரம்னு விட்டுட்டேன்."

சைக்கிள் பூட்டைத் திறந்தாரு.

"கோவம் போகல, தெரிஞ்சுக்க. ஆனா பன்னெண்டாம் தேதி எத்தனை மணிக்குப் போகணும்?"

கொஞ்ச தூரம் நடந்ததும், "அப்புறம், அந்த மயில் கழுத்து ஜாக்கெட்டை மூட்டையிலேர்ந்து எடுத்து மாட்டுனது நான்தான். காலையில மிஷினுக்கு எண்ணெய் விட வந்தேன். டெலிவரி ஆகாத துணியைக் கட்டி வைக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ" ன்னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சது எங்க போய் முடிஞ்சதுன்னு கேட்டா, நடுரோட்டுல முந்தானையில மூஞ்சியப் பொத்திக்கிட்டு நின்னேன்.

மார்ச் 8, சனி

பிலோ அக்காவை வரச் சொல்லி எல்லாத்தையும் சொன்னேன். சீட்டையும் குடுத்தேன். படிச்சுது. அடிக்கும்னு நெனச்சேன், அடிக்கல. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஜாக்கெட்டை மடியில வச்சு, இடது பக்கத் தையலை விரலால தடவிக்கிட்டே இருந்துச்சு. "நல்லாத்தான் தச்சிருக்க" ன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிடுச்சு. அந்த ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் குத்திக்கிட்டு இருக்கும்.

மூணாவது கொக்கி காலியா இருக்கு. அதுல வேற துணி மாட்ட மனசு வரல.

மார்ச் 16, ஞாயிறு

கை இப்பதான் எழுத வருது. எடுத்தாச்சு. டிரேயில கொண்டு வந்து காட்டினாங்க, நான்தான் கேட்டேன். வலது பக்கத்தது முழுசா இருந்துச்சு. இடது பக்கத்தது கோந்து மாதிரி பிசுபிசுன்னு, உறை தனியா மடிஞ்சு கிடந்துச்சு. இதுக்காகவா இத்தனை வருஷம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்?

ரத்தம் வடியற குழாய் பாட்டில் ரெண்டு தொங்குது. லைனிங் துணியில தோள்ல மாட்டுற பை தச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன், அதுல போட்டுக்கிட்டேன். அந்த முப்பத்தி நாலு நர்ஸ், வார்டுல எல்லாருக்கும் இதே மாதிரி வேணும்னு கேக்குது. அதுக்குத் தப்பா வெட்டின கைக்கு இதைச் செஞ்சு குடுத்துக் கழிச்சுக்கலாம்.

இவரு ஆஸ்பத்திரியில மூணு நாளும் ஸ்டூல்லயே உக்காந்திருந்தாரு. பேச்சு இன்னும் பாதிதான். கட்டு மாத்தும்போது முதல்ல ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தாரு. மூணாவது நாள் திரும்பிப் பாத்தாரு.

மார்ச் 31, திங்கள்

டேப் வச்சு அளந்தேன். நோட்டோட முன்பக்கத்துல, மத்தவங்க அளவோட வரிசையில எழுதிக்கிட்டேன். அமலி, மார்புச் சுற்று முப்பத்தொன்று. ரெண்டு பக்கமும் சமம். பழைய அளவு ஜாக்கெட்டைத் துடைக்கிற துணியா வெட்டிட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்னிக்குத்தான் கடை திறந்தேன். வெயிட் தூக்கக் கூடாது, ஷட்டரை இவரு தூக்கி விட்டுட்டு வேலைக்குப் போனாரு.

நாலு மணி வாக்குல ஒரு பொண்ணு வந்துச்சு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், அரியமங்கலத்துல டீச்சராம். கையில ஒரு நீல ஜாக்கெட். "அக்கா, வலது பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுங்க. துவைச்சதுல சுருங்கிடுச்சு" ன்னுச்சு.

மிஷின்லேர்ந்து காலை எடுத்தேன்.

"ரெண்டு பக்கத்தையும் ஒரே பக்கெட்லதானம்மா துவைச்ச?"

சிரிக்கப் பாத்துச்சு, வரல. புடவைத் தலைப்பை இழுத்து வலது பக்கம் மூடிக்கிச்சு. நான் போய் டிரையல் ரூம் திரையை இழுத்து விட்டேன். கொக்கியில மாட்டியிருந்த துணியெல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி, ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டேன்.

"உக்காரு."

"நாலரைக்கு பஸ் இருக்குக்கா."

"போனா அடுத்த பஸ் வரும். எனக்கு வேற வேலை இல்ல. உக்காரும்மா, பத்து நிமிஷம்."

உக்காந்துச்சு.